மலையில் ஊட்டிய முதல் சோறு

மகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் செட்டிகுளம் மலைக்கோயிலில் சோறு ஊட்டுவதாக என் கணவர் வேண்டிக்கொண்டிருந்தார். "அதுவரைக்கும் ஒரு சோத்துப் பருக்கைகூட அவ வாயில படக் கூடாது" என்று எனக்குச் சட்டம் வேறு. சட்டம் போட்டவர் ஆபீஸ் போய்விடுவார். அரியலூர் வீட்டில் கேழ்வரகுக் கஞ்சியோடு மல்லுக்கட்டியது நான். ஸ்பூனைக் கண்டாலே மகள் உதட்டை இறுக்கிக்கொள்வாள். மீறி ஊட்டினால் என் நைட்டியில் துப்புவாள். கோயிலிலும் எல்லார் முன்னாலும் துப்பத்தான் போகிறாள் என்று நான்கு துண்டுகளை எடுத்துவைத்தேன்.

பெரம்பலூரில் பஸ் மாறி, மலைப்படி ஏறினோம். பூசையும் முடிந்தது. கணவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு, பொங்கலைக் கிள்ளி மசித்தார். விரல் அருகே வருமுன்பே அவள் வாயைத் திறந்தாள். விழுங்கியதும் அவர் கையைப் பிடித்து இழுத்து, மறுபடியும் திறந்தாள்.

"முருகனே ஊட்டுறான்" என்று கூட வந்திருந்த நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் கோபுரத்தைப் பார்த்தார்.

படி இறங்கும்போது கேட்டேன். "எத்தனை நாளாங்க?"

"நாலு நாளா. காலையில நீ குளிக்கப் போறப்ப, என் தட்டுச் சோத்துலேர்ந்துதான். நான் சாப்புடுறதயே பாத்துக்கிட்டு இருந்தா. மனசு கேக்கல."

"வேண்டிக்கிட்டது நீங்க. சாமிகிட்ட என்ன சொன்னீங்க?"

"உள்ள போனதுமே மன்னிப்புக் கேட்டுட்டேன். உங்கிட்ட சொல்லத்தான் பயம்."

மறுநாள் காலை கஞ்சிக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.