நடுவில் ஒரு மங்கல்

தெர்ப் கல்லெஃப் சந்தையில் பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள், காசு கொடுப்பதற்கு முன் அதை புஷைப்பின் கடைக்கு ஒருமுறை தூக்கிக்கொண்டு போவார்கள். அவர் பழுது பார்ப்பவர். திரையில் மணல் அளவுக்கு ஒரு புள்ளி செத்திருந்தாலும், பெஞ்சை விட்டு எழாமலே சொல்லிவிடுவார். அதனால் அவருக்குப் பருந்து என்று பெயர். சீதி பெர்னூசிப் பேட்டையில் டிவி பழுது பார்க்கத் தொடங்கி, டிஷ் ஆன்டெனா காலத்தைக் கடந்து, லேப்டாப்புக்கு வந்து சேர்ந்தவர். ஐம்பத்தெட்டு வயது. வேறு தொழில் தெரியாது.

நான் வானிலை நிலையத்தில் மழை அளந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் மொட்டை மாடியில் அளக்கிறேன். கணக்கு லேப்டாப்பில் இருக்கிறது. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதன் திரை கறுத்துவிட்டது. புஷைப்பிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

“என்ன சீ தைபி, மழை மெஷினுக்குள்ளயும் பெய்ஞ்சிருச்சா?” என்றார். தைபி என் பெயர்; ‘சீ’ எங்கள் ஊரில் ஐயா என்பது போல மரியாதைச் சொல்.

“திரை கறுப்பாயிருச்சு மேஸ்திரி. விசிறி மட்டும் ஓடுது.”

“ஓடுதுல்ல? அப்ப உசுரு இருக்கு. உட்காருங்க.”

டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்தார். கறுப்புக்குள் என் மழைக் கணக்கின் கட்டங்கள் லேசாகத் தெரிந்தன. படம் வருகிறது, பின்னால் எரிய வேண்டிய விளக்குதான் எரியவில்லை என்றார். வெளியே ஒரு மானிட்டரை மாட்டினார். அதில் எல்லாம் தெளிவாக வந்தது. பிறகு மூடியை மெல்லத் திறந்து மூடினார். ஒரு கோணத்தில் திரை பளிச்சென்று எரிந்து அணைந்தது. கீலுக்குள் நசுங்கிய கேபிள்.

அதை மாற்றும்போது வழக்கம்போல உருப்பெருக்கி லென்ஸை வலது கண்ணில் செருகி இடது கண்ணை மூடிக்கொண்டார். அன்று லென்ஸை அடிக்கடி எடுத்துச் சட்டையில் துடைத்தார். நேரமும் அதிகமாயிற்று.

திரை எரிந்தது. எனக்குத் திருப்தி. அவருக்கு இல்லை.

“நடுவுல மங்கலா இருக்கு.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“மழைக் குழாயையே பார்த்துப் பார்த்து உங்க கண்ணு மங்கிப்போச்சு. நான் சொல்றேன், இருக்கு.”

எதிர்க்கடை அப்தன்னபியிடம் வேறு திரைப் பேனல் வாங்கி மாட்டினார். அதிலும் மங்கல். அந்தப் பேனலைக் கழற்றிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

“என்னப்பா, எனக்கே கறைப் பேனலைத் தள்ளிவிடுறியா?”

“எங்க கறை? காட்டு.” அப்தன்னபி அதைத் தன் மெஷினில் மாட்டித் திரையை வெள்ளையாக்கினார்.

“நடுவுல. பொட்டு வச்ச மாதிரி இருக்கே.”

“பருந்துக்கு வயசாயிருச்சு. அது கறை இல்ல மேஸ்திரி, நீ குடிக்கிற டீயோட ஆவி.”

பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து குனிந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. இன்னும் நாலு டம்ளர் புதினா டீ குடித்தால் ரெண்டு திரை தெரியும் என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“சேர்ந்துக்கிட்டு விளையாடுறீங்க,” என்று புஷைப் பேனலைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினார்.

கடையில் வந்து உட்கார்ந்தார். அவருடைய வேலை முறை எளிமையானது. ஒவ்வொரு பாகமாக மாற்று. எல்லாம் மாற்றியும் பழுது அப்படியே இருந்தால், மாற்றாத பாகத்தில் இருக்கிறது. கேபிளை மாற்றியாயிற்று, பேனலை மாற்றியாயிற்று. வெளி மானிட்டரைப் பார்த்தார். தன் கைபேசியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“சீ தைபி, உங்க தொப்பி தெரியுது. தாடி தெரியுது.”

“சரி.”

“நடுவுல என்ன இருக்கு?”

“மூக்குதான்,” என்று சிரித்தேன். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் கண் மருத்துவமனைக்கு அவருடன் நான் போனேன். மருத்துவர் இளம்பெண். முதலில் புஷைப்பின் வலது கண்ணை மூடி, சுவரில் என்ன எழுத்து என்று கேட்டார்.

“எழுத்தா? அங்க எழுத்து இருக்கா?”

இடது கண் எப்போது போனது என்று மருத்துவர் கேட்டார். புஷைப்புக்குத் தெரியவில்லை. முப்பது வருடங்களாக லென்ஸுக்காக அவர் மூடி வைத்திருந்த கண் அது. மற்ற நேரத்தில் வலது கண் இரண்டுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டது. நோய் இடது கண்ணின் நடுப்பகுதியை யாருக்கும் தெரியாமல் தின்று முடித்து, இப்போது வலதுக்கு வந்திருந்தது.

முழு இருட்டு வராது, ஓரங்கள் தெரியும், நடுவில் போனது திரும்பாது என்று மருத்துவர் சொன்னார். ஊசி போட்டால் வலது கண்ணில் மிச்சமிருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம்.

“பேனல் பார்க்கலாமா?” என்று புஷைப் கேட்டார்.

மருத்துவருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். நுணுக்கமான வேலை எதுவும் இனி முடியாது என்றார்.

திரும்பும்போது டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். கிராண்ட் தியேட்டர் நிறுத்தத்தைத் தாண்டியதும் பேசினார்.

“உதிரி ஒண்ணு இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், சீ தைபி. இருந்த ஒண்ணுலதான் ஓட்டியிருக்கேன்.”



வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். சந்தைக்குத்தான் வந்தார். முதலில் நேற்றைய பேனலை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய் நீட்டினார்.

“இது நல்ல பேனல்தான்.”

“ஆவி போயிருச்சா?” என்று ஆரம்பித்த அப்தன்னபி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பேனலை இரண்டு கையாலும் வாங்கினார்.

புஷைப்பின் அலமாரியில் மற்றவர்களுடைய லேப்டாப்புகள் காத்திருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டிய துண்டுச் சீட்டில் பெயரும் எண்ணும் அவர் கையெழுத்திலேயே இருந்தன. அதை அவரால் படிக்க முடியவில்லை. நான் படித்து எண்ணை அழுத்திக் கைபேசியை அவரிடம் கொடுத்தேன். யாரிடமும் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று மட்டும் சொன்னார். சிலர் சரி என்றார்கள். மாரிஃப் பேட்டைக்காரப் பெண்மணி ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது.

“ரெண்டு வாரமா வச்சிருக்கீங்களே, என்ன பழுதுன்னாவது சொல்லுங்க.”

“இன்னும் பார்க்கலம்மா.”

“பார்க்கக்கூட இல்லையா? அப்புறம் எதுக்குக் கடை?”

“மன்னிச்சுக்கங்கம்மா. பார்க்கல.”

அந்தம்மா வைத்துவிட்ட பிறகும் கைபேசியைக் காதிலேயே வைத்திருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“அடுத்தது படிங்க.”