ஐந்து மணிக்குள் தர வேண்டிய எண்

இன்ஜினியரிங் கல்லூரி விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் என் மகளே நிரப்பினாள். கைப்பேசி எண் மட்டும் என்னுடையது. அவளுக்கென்று போன் கிடையாது. அவள் அப்பாவின் போன் அவர் ஓட்டும் ஷேர் ஆட்டோவின் முன்பக்கத்திலேயே கிடந்து வெயிலில் காய்ந்து, பாதி நேரம் அணைந்து கிடக்கும். அதனால் என் எண்ணைக் கொடுத்தோம். அந்தக் கோடையில் எனக்கும் என் மகளுக்கும் நடந்த சண்டையில் என் கையில் ஏதாவது ஆயுதம் இருந்தது என்றால் அது அந்த எண்தான்.

எங்கள் வீடு படப்பையில். எனக்கு வேலை ஒரகடத்தில், கார்களுக்கு வயர் கட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில். வயர் முனையைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் தள்ளினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். வந்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று பொருள். ஒரு ஷிஃப்டு முழுக்க அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. பத்து வருஷமாக நிற்கிறேன்.

ப்ளஸ் டூ மார்க் வந்த மறுநாளிலிருந்து போன் அடங்கவில்லை. எந்தெந்தக் கல்லூரிக்காரர்களுக்கோ என் எண் எப்படியோ போயிருந்தது. “மேடம், உங்க பொண்ணுக்கு ஒரு சீட் எடுத்து வெச்சிருக்கோம்” என்பான் ஒருவன். “நான் உன்னக் கேட்டனா?” என்பேன். “இல்ல மேடம், இன்னும் ரெண்டே சீட்டுதான் இருக்கு.” நேற்றும் இரண்டுதான் இருந்தது, போன வாரமும் இரண்டுதான் இருந்தது. ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி அப்படி ஒருவனைத் திட்டினேன். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரேங்க் வந்தது. நல்ல ரேங்க்தான். அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. கவுன்சலிங்கில் எங்கள் சுற்று எப்போது வரும் என்று காத்திருந்த அந்த நாட்களில் வீட்டுக்குள் காற்றே கெட்டுப்போனது. நான் ஷிஃப்டு முடிந்து செருப்பைக் கழற்றுவதற்குள் என் பையைத் திறந்து போனை எடுத்துக்கொள்வாள். ‘வந்தியாம்மா’ என்று ஒரு வார்த்தை கிடையாது. திரையை மேலும் கீழும் தேய்த்துக்கொண்டே இருப்பாள். தட்டில் சோறு ஆறிக் கிடக்கும். “தின்னுட்டுப் பாருடி, அது இன்னா ஓடியா போவுது?” என்றால், “ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரும்மா” என்பாள். அந்த ‘ஒனக்கு ஒண்ணும் தெரியாது’ ஒரு நாளைக்கு நாலு முறையாவது வந்துவிடும். ஐந்தாவது முறை வந்தால் அறைந்துவிடுவேன் என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

நான் அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “தாம்பரத்தத் தாண்டாத காலேஜா போடு. வூட்லருந்து போயி வர்ற மாதிரி. கம்ப்யூட்டர் எடு.” அவள் தலையை ஆட்டினாள். ஆட்டினாள் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் வல்லக்கோட்டைக்குப் போய் முருகனைக் கும்பிட்டு வந்தோம். பக்கத்தில் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டோம். அவள் வேண்டிக்கொண்டது வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது.

விருப்பப் பட்டியலை அவள் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து போட்டாள். அதை இனி மாற்ற முடியாதபடி பூட்டும்போது என் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்தது. அன்று எனக்கு லீவு. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டே மெசேஜ் பார்க்க எனக்கு வராது என்பதால், சென்டர்காரர் போனிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனுக்கு அழைத்து, “நம்பர சொல்லும்மா” என்றாள். ஈரக்கையோடு போய் எடுத்துப் படித்துச் சொன்னேன். பட்டியலில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. என் மகள் என்னை ஏமாற்றுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இடம் வந்த நாளன்று நான் முதல் ஷிஃப்டு. மூன்று மணி சுமாருக்கு வீட்டுக்கு வந்தேன். அடுப்பு மேடையில் ஒரு தாளை விரித்து, பறக்காமல் இருக்க மேலே உப்பு ஜாடியை வைத்திருந்தாள்.

“கெடச்சிடிச்சும்மா.”

எடுத்துப் பார்த்தேன். கோயம்புத்தூர். மெக்கானிக்கல்.

“இன்னாடி இது?”

“கவர்மென்ட் காலேஜ். என்னோட ஃபர்ஸ்ட் சாய்ஸ்.”

“நான் இன்னா சொன்னேன், நீ இன்னா பண்ணிகினு வந்து நிக்கற?”

“நீ சொன்னதெல்லாம் கடசில போட்டேன்.”

கடைசியில் போட்டாளாம். நான் சொன்ன கல்லூரிகள் பட்டியலின் அடியில் கிடந்தன. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செலவைச் சொல்லித் தடுக்கவும் வழியில்லை. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாவற்றையும் அரசாங்கமே கட்டிவிடும். வயசுப்பெண்ணை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்றேன். ஆம்பிளைகள் படிக்கிற படிப்பு என்றேன். நான் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ஒரு சலிப்பு வந்தது. அந்த முகத்தை நான் அப்போது கம்பெனியிலும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் லைனுக்கு அந்த வருஷம் ஒரு ட்ரெய்னி இன்ஜினியர் வந்திருந்தாள். திருநெல்வேலிப் பக்கம். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பாள். “அக்கா, ஒரு பீசுக்கு ஆறு செகண்டு கூட எடுக்கீங்க” என்பாள். மரியாதையாகத்தான் சொல்வாள். ஆனால் அவள் பார்ப்பது என்னை அல்ல, என் கைகளை. கை இரண்டும் தனியாக அங்கே வேலை செய்துகொண்டிருப்பதுபோலப் பார்ப்பாள். அவளை எனக்கு ஆகவே ஆகாது. நாளை என் மகளும் எங்கேயாவது போய் இப்படித்தான் ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால் நிற்பாள் என்று அன்றைக்குத் தோன்றியது. அதை யாரிடமும் நான் சொல்லவில்லை. தூரம், காலம் கெட்டுக் கிடக்கிறது என்று ஊர் சொல்கிற காரணங்களையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிடைத்த இடத்தை மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் இடம் போய்விடும். உறுதி செய்ய மறுபடியும் ஓர் ஆறு இலக்க எண் என் போனுக்கு வரும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன்.

அவள் அப்பா சாப்பிட வந்தபோது சொன்னார், “குடுத்துடுமே. பச்சப்புள்ள ஆசப்படுது.”

“நீ ஆட்டோவ ஓட்டு. வூட்ட நான் பாத்துக்கறேன்.”

அவர் அதற்குமேல் பேசுகிறவர் அல்ல. அன்று அவர் பேசியிருந்தால் நான் இன்னும் மோசமாக நடந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

காலையில் அவள் தூங்குவதுபோலக் கிடந்தாள். நான் போனோடு கிளம்பி கம்பெனி பஸ் ஏறினேன். எங்கள் கம்பெனியில் உள்ளே போன் கூடாது. கேட்டுக்குப் பக்கத்தில் பெட்டிகள் இருக்கும். போனை வைத்துப் பூட்டிவிட்டு டோக்கனை வாங்கிக்கொள்ள வேண்டும். பூட்டும்போது நிம்மதியாக இருந்தது. பூட்டியது நானில்லை, கம்பெனி என்பதுபோல.

மதியம் ஒரு மணிக்கு சூப்பர்வைசர் வந்து, “உன் பொண்ணு கேட்ல நிக்கிதாம்” என்றார்.

“வேல கீது சார். ஷிஃப்ட் முடிஞ்சி வரேன்னு சொல்லுங்க.”

ஷிஃப்டு முடிவது இரண்டரைக்கு. இரண்டு மணிக்கு, “ஓடி யாரு பாக்கறீங்க?” என்று சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டு வந்தார். ஓடி என்றால் ஓவர்டைம், ஐந்தரை வரை. முதுகு வலி என்று நான் ஆறு மாதமாக ஓடி பார்க்காதவள். கையைத் தூக்கினேன். அவரே ஆச்சரியமாகப் பார்த்தார்.

அதன்பிறகு என் காதில் ‘டிக்’ சத்தம் ஒழுங்காக விழவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். எதிர்ச் சுவரில் பெரிய கடிகாரம். மூன்று. மூன்றரை. வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். போகாதவள் என்றும் தெரியும்.

நாலு மணிக்கு அந்த ட்ரெய்னி பெண் வந்தாள். கையில் ஸ்டாப்வாட்ச் இல்லை.

“அக்கா, ஒங்க மக இன்னும் வெயில்லயே நிக்கா. செக்யூரிட்டி சேர் போட்டும் உக்கார மாட்டேங்கா. என்ன விஷயம்னு கேட்டேன், சொன்னா. நீங்க போங்கக்கா. நான் ஒங்க எடத்துல நிக்கேன்.”

“ஒனக்கு இந்த வேல தெரியுமா?”

“பாத்துருக்கேன்லா” என்றாள்.

பார்த்திருக்கிறாளாம். போகமாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் லைனில் எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தேன்.

கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசையாக நின்றன. அவள் காவலர் அறைச் சுவரை ஒட்டி நின்றிருந்தாள். முகம் கறுத்துச் சிவந்திருந்தது. அழுதிருப்பாள் என்று நினைத்தேன், அழுத சுவடே இல்லை.

“போன் குடு.”

“மாட்டேன்.”

“மணி ஆவுது. குடும்மா.”

“கோயம்புத்தூர்ல யாருடி கீறாங்க ஒனக்கு?”

“யாரும் இல்ல. அதுக்குத்தான் போறேன்.”

கையை ஓங்கிவிட்டேன். செக்யூரிட்டி எழுந்து, “ஏம்மா, கேட்ல இதெல்லாம் வேணாம்மா” என்றார். அவள் ஓர் அடிகூட நகரவில்லை. ஓங்கிய கை எனக்குத்தான் வலித்தது.

அப்போது அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “குடுக்காத. நாளைக்கே இங்க வந்து வேலைக்கு எழுதிக் குடுக்கறேன். ப்ளஸ் டூ போதும் இல்ல? ஒன் லைன்லயே போடச் சொல்றேன். ஒன் பக்கத்துலயே தெனமும் நிக்கறேன். நீ ரிட்டையர் ஆவற வரைக்கும் நிக்கறேன்.”

அது கெஞ்சல் இல்லை, மிரட்டல். செய்யக்கூடியவள்தான். நீலக் கோட்டும் தலையில் வலையும் மாட்டிக்கொண்டு எனக்கு இடப்பக்கம் அவள் நிற்பதை நான் ஒரு கணம் பார்த்துவிட்டேன். நான் பத்து வருஷமாக அந்த இடத்தில் நின்றதைப் பற்றி அவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதும் அந்த மிரட்டலிலேயே இருந்தது. கோயம்புத்தூரைவிட அதுதான் எனக்குக் கொடுமையாக இருந்தது.

டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கி அவள் கையில் திணித்தேன்.

“போ. எங்கயாவது போயித் தொல.”

சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்து திறந்தாள். சிக்னல் இல்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எழுந்து சாலையோரம் வரை போய்க் கையை உயர்த்திப் பார்த்தாள். சுற்றிக்கொண்டே இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வராமல் போகட்டும் என்று நினைத்தேனா, வந்துவிடட்டும் என்று நினைத்தேனா என்று கேட்டால், இரண்டையும்தான் நினைத்தேன். நாலு நாற்பதுக்கு எண் வந்தது. ஒருமுறை தப்பாக அடித்து, அழித்து, மறுபடியும் அடித்தாள். பிறகு மூச்சை விட்டாள். போனை என்னிடம் நீட்டிவிட்டு, ஷேர் ஆட்டோ நிற்கும் பக்கம் நடந்துவிட்டாள். மதியத்திலிருந்து தண்ணீராவது குடித்தாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

உள்ளே என் இடத்தில் அந்த ட்ரெய்னி வியர்த்துப்போய் நின்றிருந்தாள். “கெடச்சுட்டாக்கா?” என்றாள்.

“நீ நவுரு” என்றேன்.

அவள் செய்ததில் நாலு பீஸ் சரியாக உட்காராதவை. சோதனையில் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் வந்து என்னைத்தான் திட்டினார். நான் நேராக அவளைக் கை காட்டினேன். “நான் இல்ல சார், அந்தப் பொண்ணு பண்ணது.” எனக்காக நின்றவள். அவள் மறுக்கவில்லை, “ஆமா சார்” என்றாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள், ‘அக்கா’ என்றாள். கொஞ்ச நாளில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

கல்லூரியில் சேர்க்க அவள் அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு லீவு தரமாட்டார்கள் என்றேன். நான் கேட்கவே இல்லை. அது மகளுக்கும் தெரியும். பெட்டியில் வைக்க முறுக்கு சுட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். காலில் விழுந்து கும்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. முதல் இரண்டு மாதம் போன் அவள் அப்பாவுக்குத்தான் வரும். அவர் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டுப் பேசுவார், பிறகு என்னிடம் வந்து சொல்வார். எனக்கு வேண்டாத சேதியைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வேன்.

பொங்கலுக்கு வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். கையில் ஏதோ மெஷின் பட்டு ஒரு சிறிய வெட்டுக் காயம் இருந்தது. எப்படி என்று கேட்டேன், “ஒர்க் ஷாப்ல” என்றாள். மூன்று நாளும் எதற்கெடுத்தாலும் சண்டைதான். தோசைக்கு, டிவிக்கு, அவள் குளிக்கும் நேரத்துக்கு. கிளம்புகிற அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்.

“அன்னிக்கு நான் கேட்டுக்கு வரலன்னா, நீ குடுத்திருக்க மாட்ட இல்ல?”

பொய் சொல்லியிருக்கலாம். ஐந்து மணிக்கு முன்னால் நானே வந்திருப்பேன் என்று சொல்லியிருக்கலாம்.

“குடுத்திருக்க மாட்டேன்” என்றேன்.

“தெரியும்” என்றாள். “கொஞ்சம் ரசம் ஊத்து.”

ஊற்றினேன்.