தட்டாமல் விட்ட ஒரு வரி

சோதித்துவிட்டேன் என்று கையெழுத்திட்டேன்; சோதிக்கவில்லை. அதை மறைக்க ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தேன். யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. தி. நகரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு நோயாளிகளின் பதிவுகளைக் கணினியில் ஏற்றித் தேடும் மென்பொருளைச் செய்து தந்தோம்.

எவருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பதைக் குறிப்புகளுக்குள் தேடி எடுக்க, பதிவுகள் சேமிக்கப்படும் டேட்டாபேஸ் சர்வரில் ஒரு கூடுதல் பகுதி வேண்டும். அது தானாக வராது. தனியே தேர்ந்தெடுத்து நிறுவ வேண்டும். இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு வரியைத் தட்டினால் போதும். இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். அரை நிமிட வேலை... எனக்குப் பசி. சோதனைப் படிவத்தில் 'உள்ளது' என்று டிக் அடித்து, கையெழுத்திட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இன்னொன்றும் செய்திருந்தேன். தேடல் தோற்றால் பிழைச்செய்தி வந்து மருத்துவர்கள் மிரளக் கூடாதென்று, 'குறிப்பு ஏதும் இல்லை' என்று காட்டும்படி நிரல் எழுதியிருந்தேன். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்திருந்தேன்.

மூன்றாவது வாரம், மயிலாப்பூர் பாட்டு டீச்சர் ஒருவரைக் கடும் காய்ச்சலில், நினைவின்றிக் கொண்டுவந்தார்கள். பென்சிலின் அவருக்கு ஆகாது என்று அந்த மருத்துவமனையின் பழைய காகிதப் பதிவில் இருந்தது. திரையோ 'குறிப்பு ஏதும் இல்லை' என்றது. ஊசி போட்டார்கள். ஒவ்வாமையில் மூச்சு நின்று மூளை பாதித்தது; உயிர் தப்பியது, பேச்சு போய்விட்டது.

பதிவுகளைத் தட்டச்சு செய்தவர் மருத்துவமனை ஊழியர் விஜயா. கே.கே. நகரிலிருந்து வருபவர். குறிப்பை ஏற்ற மறந்துவிட்டார் என்று பழி அவர்மேல் விழுந்தது.

"நான் டைப் பண்ணேன் சார். நல்லா ஞாபகம் இருக்கு. நீங்களே பாத்து சொல்லுங்க."

பார்த்தேன். அன்றைக்குத்தான் அந்த வரியைத் தட்டினேன். பூஜ்யம்.

விஜயா ஏற்றிய குறிப்பு உள்ளே பத்திரமாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் அந்தப் பகுதியை நிறுவினேன். தேடல் உடனே அதைக் கண்டுபிடித்தது.

விசாரணை அறையில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கேட்டார்: "இப்ப வருதே, அன்னிக்கு ஏன் வரல? அந்தம்மா பின்னால சேத்திருக்கலாமா?"

எந்தக் குறிப்பு எப்போது ஏறியது என்று பதிந்துவைக்கும் வசதியை நான் செய்திருக்கவில்லை. விஜயாவைக் காப்பாற்ற என் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை.

"சேத்திருக்கலாம் சார்," என்றேன்.

வெளியே விஜயா நின்றிருந்தார். "இன்னா சார் சொன்னாங்க?"

"உங்களுக்காகப் பேசிப் பாத்தேம்மா... கேக்கல."

அன்றைய இரண்டாவது பொய் எங்கிருந்து வந்தது? அப்படிச் சொல்லும்படி யாரும் என்னிடம் கேட்கவில்லையே...

வேலை போயிற்று. மனம் உறுத்த, எங்கள் அலுவலகத்திலேயே அவரைச் சேர்த்துவிட்டேன். அதைப் பரிகாரம் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாளிலிருந்து எதிர்மேசையில் அவர். நிமிர்ந்தால் அவர் முகம். வேறு வேலை தேடினேன். கிடைத்தபோது போக முடியவில்லை. நான் போனபின் யாராவது அந்தப் பழைய படிவத்தைப் புரட்டி, சந்தேகப்பட்டு, அவரிடம் காட்டிவிட்டால்?

ஆறு மாதம் கழித்து அவர் மகனுக்குக் காதுகுத்து. வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் இருந்த தம் மாமனாரிடம் விஜயா சொன்னார்: "மாமா, நான் பொய் சொல்லலன்னு நம்புனது இந்த சார் ஒருத்தருதான்."

பெரியவர் சிரமப்பட்டு எழுந்தார். என் இரண்டு கைகளையும் பற்றிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். நான் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை.