கீபோர்டு வாங்க வந்தவர்கள்

சேலையூரில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கீபோர்டு கிடந்தது. ஆசைப்பட்டு வாங்கியவள் நான்தான். இரண்டு பாட்டுக்கு மேல் என் விரல்கள் நகரவில்லை. "துண்டு காயப்போட நல்லா இருக்கு" என்று கணவர் கேலி செய்ததில் ரோஷம் வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதைப் படமெடுத்துப் பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் போட்டேன்.

காபி ஆறுவதற்குள் ஒருவர் கூப்பிட்டார். பேரமே பேசவில்லை.

"மேடம், எனக்கு ஓகே. நான் வெளியூர்ல இருக்கேன். காசு இப்பவே அனுப்பிடறேன், சாயந்திரம் ஆள் வந்து எடுத்துப்பாங்க. வாட்ஸ்அப்ல க்யூஆர் கோடு வந்திருக்கும் பாருங்க. ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டீங்கன்னா பணம் உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்."

இவ்வளவு சுலபமா என்று பூரித்துப்போய் ஸ்கேன் செய்தேன். பின் கேட்கும் திரை வந்தது. விரலை வைக்கப்போனபோதுதான் கவனித்தேன், பணம் பெறுபவர் என்ற இடத்தில் யாரோ ஒருவருடைய பெயர். மார்க்கெட்டில் காய் வாங்கும்போது வருகிற அதே திரை. அங்கே காசு கொடுப்பவள் நானல்லவா?

"சார், எனக்குப் பணம் வர்றதுக்கு நான் எதுக்கு பின் போடணும்?"

"அதுதான் மேடம் ப்ரொசீஜர். சீக்கிரம் போடுங்க, கோடு எக்ஸ்பயர் ஆயிடும்."

"அப்படின்னா என் க்யூஆர் கோடை அனுப்பறேன். நீங்க ஸ்கேன் பண்ணி உங்க பின்னைப் போடுங்களேன்."

உடனே இணைப்பைத் துண்டித்துவிட்டார். அந்த எண்ணைச் செயலியிலும் சைபர் கிரைம் உதவி எண்ணிலும் புகார் செய்துவிட்டு, தோசை சுட எழுந்தேன். ஏனோ சிரிப்பு வந்தது.

மதியம் இன்னொரு அழைப்பு. படப்பையிலிருந்து ஒரு பெண். அவர்கள் சர்ச் பாடகர் குழுவின் கீபோர்டு பழுதாகிவிட்டதாம். எனக்கோ சந்தேகம் தீரவில்லை.

"நீங்க பாடறவங்கன்னு நான் எப்படி நம்பறது?"

அவள் கலகலவென்று சிரித்தாள். "நேர்ல வந்து பாடியே காட்டறோம்க்கா!"

சொன்னபடியே சாயங்காலம் ஆட்டோவில் நான்கு பெண்கள் வந்து இறங்கினார்கள். போனில் பேசியவள் கீபோர்டின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். பிறகு வாசிக்கத் தொடங்கினாள். மற்ற மூவரும் பாடினார்கள். எங்கள் ஹாலில் அப்படியொரு சத்தம் அதுவரை எழுந்ததில்லை. எதிர் ஃபிளாட்டுக்காரர் கையில் டம்ளரோடு வாசலில் வந்து நின்றார். மாடியிலிருந்தவர்கள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். என் கணவர் தப்பான இடத்திலெல்லாம் தாளம் போட்டார்.

பாட்டு முடிந்ததும் என் போனில் என் க்யூஆர் கோடைத் திறந்து நீட்டினேன். அவள் ஸ்கேன் செய்து தன் பின்னைப் போட்டாள். "போயிடுச்சுக்கா" என்று திரையைக் காட்டினாள்.

"கோவிச்சுக்காதம்மா" என்று சொல்லி, என் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். பணம் வந்திருந்தது. அது வருவதற்கு நான் எந்தப் பின்னையும் போடவில்லை.

"பாத்தீங்களா, வர்ற காசுக்கு நாம ஒண்ணுமே பண்ண வேணாம்!" என்று கணவரிடம் கத்தியேவிட்டேன்.

கீபோர்டு ஆட்டோவுக்குள் நேராக நுழையவில்லை. கடைசியில் மூன்று பேர் மடியில் குறுக்காகப் படுத்துக்கொண்டது. நான்காமவள் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள். வண்டி கிளம்பும்போதே யாரோ மறுபடி பாட ஆரம்பித்தார்கள். தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டே நின்றோம்.