நைனாவோடு ஒரு பாடு

கம்பெனி பஸ் ஆரம்பாக்கத்தில் இறக்கிவிட்டுப் போகும்போது என் கால்கள் இரண்டும் என்னுடையவை போலவே இருப்பதில்லை. ஷிஃப்டு முழுக்க நின்றே செய்கிற வேலை. வீட்டில் மகள் காத்திருப்பாள். "அம்மா, விளையாடலாம் வா" என்பாள். "அப்பாலே" என்பேன். அந்த அப்பாலே என்றைக்கு வரும் என்று அவள் கேட்பதில்லை. அவள் வயதில் நான் இன்னும் கெட்டிக்காரி. அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவரிடம் விளையாட நாள் குறித்தே வாங்கியிருந்தேன்.

பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களில் நினைத்தவர்கள் நினைத்த நாளில் வலை போட முடியாது. ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இன்னார் என்று முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். முறையைத் தவறவிட்டவர் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டியதுதான். காய்ச்சல் என்றாலும் ஊர் மனசு இளகாது.

நைனாவுக்குப் பாடு இல்லாத நாட்களின் சாயங்காலத்துக்கு அக்கா, நான், தம்பி மூவரும் அதேபோலச் சீட்டுப் போட்டோம். ஒரு நாளைக்கு ஒருவரோடு மட்டும் அவர் விளையாட வேண்டும். பொழுது சாய்ந்தால் பாடு முடிந்தது. நைனா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்வதற்கு மட்டும் அவர் என்றைக்கும் களைத்ததில்லை.

என் நாள் வந்தது. அன்றைக்குப் பார்த்து லைட்ஹவுஸ் குப்பத்து மாமாவின் கடல் படகில் ஓர் ஆள் குறைந்தது. முந்தின நாள் பாட்டுக்காக இரவெல்லாம் ஏரியில் கிடந்துவிட்டு வந்த நைனா, உடம்பு காய்வதற்குள் அங்கே போய்விட்டார். நான் சூரியனைக் காவல் காத்தேன். அது ஏரித் தண்ணீரைத் தொடப்போகும் நேரத்தில்தான் அவர் மணலில் காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார்.

"நைனா, என் பாடு!" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒரு வாய் சோறு துன்னட்டும், விடுடி. அந்த உடம்பு இன்னா இரும்பா?" என்றாள் அம்மா.

"சோறு எங்க போவப்போவுது?" என்ற நைனா என் பக்கம் திரும்பி, "இன்னாம்மா ஆட்டம்?" என்று கேட்டார்.

ஐஸ்பாய் என்றேன். அவர் கண்ணை மூடி நூறுவரை எண்ண வேண்டும், நான் ஒளிய வேண்டும். பழுது பார்க்கக் கவிழ்த்துப் போட்டிருந்த பைபர் படகில் நெற்றியை வைத்து எண்ணத் தொடங்கினார். நான் ஓடிப்போய் வலைக் குவியலுக்குள் புகுந்துகொண்டேன். யாரும் வரவில்லை. எப்பேர்ப்பட்ட இடம் பிடித்திருக்கிறேன் என்று முதலில் பெருமையாக இருந்தது. அப்புறம் கொசு கடித்தது. அப்புறம் பயம் வந்தது. எழுந்துபோய்ப் பார்த்தால், படகில் நெற்றி வைத்தபடியே மண்டியிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். சூரியனைக் காணோம்.

ஊரைக் கூட்டி அழுதேன். அடுத்த முறை அக்காவுடையது. அவள் ஓடிவந்து, "பாடு போச்சினா போச்சி. இனிமே எனக்குத்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

நைனா விழித்துக்கொண்டார். நெற்றியில் படகின் கோடு பதிந்திருந்தது. "பொழுதோட போட்ட வலைய எப்போ எடுத்தாலும் அது அவன் பாடுதான். ஊர்ல யார வேணா கேளு" என்றார் அக்காவிடம். பிறகு என்னைப் பார்த்து, "போயி ஒளிஞ்சிக்கோ. நாப்பத்தேழு வரைக்கும் எண்ணிட்டேன்" என்று மறுபடியும் நெற்றியைச் சாய்த்தார்.

அவசரத்தில் வேறு இடம் கிடைக்கவில்லை. அதே குவியலுக்குள் புகுந்தேன், கால் இரண்டும் வெளியே தெரிந்தன. நைனா படகு படகாகக் குனிந்து பார்த்தார். கூடைகளைப் புரட்டினார். தண்ணீர் ஓரம்வரை போய், "எங்க பூட்டா இவ?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். என் காலைத் தாண்டியே இரண்டு முறை போனார். நான் பொறுக்க முடியாமல் எழுந்து குதித்தபோது, "யம்மாடி!" என்று மணலில் உட்கார்ந்துவிட்டார்.

நேற்று என் மகளுக்காகச் சுவரில் நெற்றி வைத்து எண்ணினேன். இருபதைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் தூங்கிப்போனேன். நாற்பத்தேழு வரைக்கும் எண்ணியவரை நினைத்தால் எனக்குப் பொறாமையாகவும் வெட்கமாகவும் இருக்கிறது.

அன்றைக்கு வெட்கமெல்லாம் இல்லை. "நைனாவுக்குத் தேடவே தெரியல" என்று அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவருக்குப் போட்டு வைத்த சோறு தட்டில் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா தட்டை மூடி வைத்ததைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.