முப்பது பவுண்டு காற்று

ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கி முடித்ததும் அப்பா குனிந்து அதன் பக்கத்தில் காதை வைப்பார். ஜீப்பின் ஒரு சக்கரத்துக்கு இருபத்து நான்கு போல்ட். நான்கு சக்கரத்துக்குத் தொண்ணூற்று ஆறு. அந்த ஞாயிற்றுக்கிழமை தொண்ணூற்று ஆறு முறை குனிந்தார். குறித்த அளவு இறுகியதும் 'டக்' என்று சத்தம் போடும் டார்க் ரெஞ்ச்சை நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நீட்டிக்கொண்டிருந்தேன். அவர் அதைத் தொடவே இல்லை.

"அது சத்தம் போட்டாத்தேன் ஒனக்குத் தெரியும். எனக்கு என் மணிக்கட்டு சொல்லும்."

"எவ்வளவு சொல்லுது?"

"கரெக்டா சொல்லுது."

அவர் டீ குடிக்க எழுந்துபோனபோது ஒரு சக்கரத்தைச் சோதித்தேன். ஏழு போல்ட் அளவுக்கு மேல் இறுகியிருந்தன. ஐந்து தளர்ந்திருந்தன. பன்னிரண்டு மிகச் சரியாக இருந்தன. திரும்பி வந்தவரிடம் ஏழையும் ஐந்தையும் சொன்னேன். பன்னிரண்டைச் சொல்லவில்லை.

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. ஒன்பது வாரம் கழித்து, காபியில் சர்க்கரை பத்தவில்லை என்று அம்மாவிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்தார். சக்கரங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சம்பந்தம் உண்டு என்று எங்கள் ஊர் பெரார்கஞ்சில் சிலர் பேசுவதால் இதைச் சொல்கிறேன்.

பெயர் காத்தமுத்து. வயது அறுபத்து நான்கு. முப்பத்தொரு வருடம் சர்க்கார் டிரைவர், பிறகு சொந்த ஜீப். உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள் உண்டு என்பது அவருடைய கொள்கை: கீச்சடில் வண்டி ஓட்டியவர்கள், மற்றவர்கள். சேற்றுக்கு அவர் தமிழில் வார்த்தை தேடியதே இல்லை. போர்ட் பிளேரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் மெக்கானிக்கல் எஞ்சினியராக இருக்கும் அவர் மகள் நான், இரண்டாம் வகை.

"கப்பல் எங்கயாச்சும் கீச்சடுல ஓடுதா? பெறகு ஒனக்கு என்னத்தா தெரியும்?"

எங்கள் பாக்குத் தோட்டத்துக்கு மேலே ஒச்சம்மா அத்தையின் வீடு. உறவில்லை, அப்பாவை 'அண்ணே' என்பதால் எனக்கு அத்தை. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு அறுநூறு மீட்டர் செம்மண் சரிவு. நடுவில் ஒரு வளைவு. மழைக்காலத்தில் அதில் ஆம்புலன்ஸ் ஏறாது. மூன்று வருடமாக அவரைக் கீழே கொண்டுவந்து, பாம்பூஃப்ளாட்டில் வண்டியையும் ஏற்றிச்செல்லும் காலை ஃபெரியைப் பிடித்து, சாத்தம் வழியாக ஆஸ்பத்திரியில் சேர்ப்பது அப்பா. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. சொன்னால் அவர்களும் இரண்டாம் வகை ஆகிவிடுவார்கள்.

போன வருடம் ஜூலையில் அந்த வளைவில் இடது பின் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. காரணம் எளிது. சேற்றில் ஏற டயரின் காற்றைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் டயர் தட்டையாகி மண்ணைப் பிடிக்கும். ஆனால் டயரை ரிம்மில் பிடித்து வைத்திருப்பதும் அதே காற்றுதான். பதினைந்து பவுண்டு வரை பயமில்லை. அப்பா வால்வில் ஈர்க்குச்சியைக் குத்தி, சத்தத்தைக் கேட்டே காற்றை இறக்குவார். அன்று எட்டுக்குக் கீழே போயிருக்க வேண்டும். வண்டிக்குள் ஒச்சம்மா அத்தை. அன்றைய முறை தவறியது. அடுத்த இடம் கிடைக்க இரண்டு நாள் ஆனது. அதற்குள் அவருடைய முகம் வீங்கிக் கண் திறக்க முடியாமல் போனது.

அப்பா அந்த இரண்டு நாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோது சொன்ன முதல் வார்த்தை 'பீட்லாக்'.

பீட்லாக் என்பது ரிம்மின் வெளிப்பக்கம் வரும் ஓர் இரும்பு வளையம். டயரின் விளிம்பை நடுவில் வைத்து, சுற்றிலும் இருபத்து நான்கு போல்ட் போட்டு நசுக்கிவிடும். பிறகு காற்று எவ்வளவு குறைந்தாலும் டயர் கழலாது. பாறையிலும் பாலைவனத்திலும் பந்தயம் விடுகிறவர்கள் போடுவது. அவர்களுடைய வீடியோக்களை அப்பா சத்தம் கூட்டி வைத்துப் பார்த்தார். மொழி புரியாது. கீச்சட் புரிந்தது.

நான் சொன்னது ஒரே விஷயம்: காற்றை அளக்கும் கேஜ் ஒன்று வாங்குங்கள். உள்ளங்கை அளவு. பதினைந்துக்குக் கீழே இறக்காதீர்கள். பீட்லாக் தேவையில்லை.

"கேஜ் பாத்து காத்து எறக்குறவன் டிரைவராத்தா? அவன் கம்பவுண்டரு."

எட்டு மாதம் விவாதித்தோம். ஒவ்வொரு ஞாயிறும், சாப்பாட்டுக்குப் பிறகு. ஒரு கேஜுக்குப் பதிலாக நான்கு சக்கரம் மாற்றத் தயாராக இருந்த மனிதரை ஒரு பொறியாளர் எந்தக் கணக்கைக் காட்டி வெல்ல முடியும்?

சக்கரங்கள் சென்னையிலிருந்து கப்பலில் வந்தன. அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "முப்பத்தஞ்சு வருசத்துல எனக்கு ஒரு வளையல் இல்ல. ஜீப்புக்கு நாலு."

ஃபெரியில் அப்பா வண்டியை விட்டு இறங்கி, வளையம் மறையாதபடி இரண்டடி தள்ளி நிற்பார். கயிறு கட்டும் பையன்கள் "யே க்யா ஹை, சாச்சா?" என்று அது என்னவென்று கேட்பார்கள். அவர் கடலைப் பார்த்தபடி, "பீட்லாக். மெயின்லேண்ட் சரக்கு" என்பார். அதற்கு மேல் கேட்கட்டும் என்று காத்திருப்பார்.

இனி வருவதை நான் மிகைப்படுத்தவில்லை. பீட்லாக் போட்ட நாளிலிருந்து அப்பா காற்று இறக்குவதை நிறுத்திவிட்டார். தார் ரோட்டுக்கான முப்பது பவுண்டோடு சேற்றில் ஏறினார்.

"அதான் லாக் இருக்குல்ல. பெறகு காத்த ஏன் எறக்கணும்?"

காற்றை இறக்குவதற்காகவே செய்யப்பட்ட ஒரு பொருளை, காற்றை இறக்காமல் இருப்பதற்காக வாங்கிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். முப்பது பவுண்டில் டயர் கல்லு மாதிரி நிற்கும். வளைவில் சுழன்றது, குழி பறித்தது, நின்றது. மூன்று முறை இழுத்து ஏற்றியது பெரார்கஞ்சில் மளிகைக் கடை வைத்திருக்கும் முபாரக். அவருடைய ஜீப் அப்பாவுடையதைவிடப் பழையது. சாதாரண ரிம். முபாரக் இறங்கி, தன் வண்டியின் நான்கு டயரிலும் காற்றை இறக்கி, சங்கிலியை மாட்டி, ஒவ்வொரு முறையும் அதையே சொல்வார்:

"மாமா, ஒங்க வண்டிக்கு லாக் நல்லாத்தான் வேல செய்யுது. நகரவே மாட்டேங்குது."

"டயர் கழண்டுச்சாடா? சொல்லு. கழண்டுச்சா?"

"கழலல மாமா."

"பெறகென்ன, அம்புட்டுத்தான்."

அந்த மூன்று நாளும் ஒச்சம்மா அத்தை ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகத்தான் போனார். ஆனால் போனார்.

அப்பா போன பிறகு இரண்டு வாரம் முபாரக் அத்தையை ஏற்றிச் சென்றார். பிறகு அவருடைய வண்டி கிளட்ச் போய்ப் படுத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு வேறு யாருமில்லை. பழைய சக்கரங்கள் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயின் கீழ் இருந்தன. அவற்றை மாட்டிவிட வேண்டும் என்பதுதான் என் முடிவு. வியாழன் முழுவதும் மழை. மாட்ட முடியவில்லை.

வெள்ளி காலை சரிவின் அடியில் நிறுத்தி, கேஜை வைத்துப் பத்துப் பவுண்டுக்கு இறக்கினேன். அந்தச் சக்கரங்களில் காற்று இறங்கியது அதுதான் முதல் முறை. வளைவில் பின்பக்கம் சறுக்கி, இடது டயர் ஒரு வேரில் பக்கவாட்டாக மோதியது. ரப்பர் பிதுங்கியது. வண்டி ஏறிவிட்டது.

மேலே நிறுத்திவிட்டு யோசித்தேன். பத்தில் சாதாரண ரிம் என்றால் டயர் கழன்றிருக்கும். பதினைந்தில் கழன்றிருக்காது, ஆனால் பதினைந்தில் அந்த வளைவு ஏறியிருக்குமா? முபாரக் ஏறுகிறார். முபாரக்குக்கு ஓட்டத் தெரியும். ஒரு முறை செய்த சோதனை எதையும் நிரூபிக்காது. எனக்கு எரிச்சலாக இருந்தது. சொல்வதற்கு ஆளும் இல்லை.

ஒச்சம்மா அத்தை பையோடு வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"பலக கொண்டாந்தியாத்தா?"

"என்ன பலகை அத்த?"

"ஏறுறதுக்குத்தேன். புது டயரு போட்டதுல வண்டி ஒசந்துபோச்சுல்ல. சாத்தம் மில்லுல படாக் மரப் பலக வாங்கி, படி அடிச்சுத் தாரேன்னு அண்ணன் சொன்னாரு. இந்தச் செவ்வா, அடுத்த செவ்வான்னாரு."

சாத்தம் மரமில் ஃபெரித் துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வாரம் இரண்டு முறை அப்பா அதைத் தாண்டித்தான் போனார். அத்தை உட்காரும் சீட்டின் உயரத்தைப் பார்த்தேன். பெரிய புது டயருக்கு இடம் வேண்டி அப்பா ஸ்பிரிங்கையும் தூக்கியிருந்தார். சீட் அத்தையின் இடுப்புக்கு மேலே இருந்தது.

"இத்தன நாளா எப்படி ஏறுனீங்க?"

அவர் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றார். ஊசி ஏற்றும் இடது கையை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்து ஏற்றிவிட வாகாக வலது கையை மட்டும் மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டார்.