பின்சீட்டில் ஒரு சுடாத கொக்கு

என் தங்கை வீட்டுக்காரர் நடராசன் ஒரு வண்டி வாங்குவதற்குள் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அந்த நேரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துக் கல்யாணம் முடித்து வளைகாப்பே போட்டிருக்கலாம். இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் விருத்தாசலத்தில் விலைக்கு வந்த பழைய வண்டிகளில் அவர் ஏறி இறங்காத வண்டி கிடையாது. வேப்பூர் வண்டித் தரகர் மாயவன், இவர் தலையைக் கண்டாலே டீக்கடைக்குள் போய் ஒளிந்துகொள்வார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது எனக்கு வந்ததெல்லாம் கோபம். எனக்கு அது கொஞ்சம் சீக்கிரமே வரும். ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் வேலை பார்ப்பவனுக்கு வராமல் இருந்தால்தான் அதிசயம்.

நடராசன் இங்கேயே செராமிக் படித்தவர். நாலு பேர் ஷெட்டில் சூளை பார்த்துவிட்டு, பிறகு செராமிக் தொழிற்பேட்டையின் கோடியில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டார். பீங்கான் பியூஸ் கட்டை செய்வது சோற்றுக்கு, பொம்மை செய்வது ஆசைக்கு. எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். டீக்கடையில் கிளாஸை நகத்தால் சுண்டிப் பார்த்து, சத்தம் சரியாக இருந்தால்தான் வாயில் வைப்பார். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுக் காபி டம்ளரையும் சுண்டினார். எவர்சில்வர் டம்ளரை! கதவுக்குப் பின்னால் நின்ற என் தங்கை வேல்விழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த ஆளையே கட்டிக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டாள்.

கல்யாணமாகி வந்த சில வருஷத்தில் ஸ்ரீமுஷ்ணம் சாலைக்கு உள்ளே ஒரு துண்டு செம்மண் நிலம் வாங்கினார்கள். அதில் முந்திரி வைத்தவள் வேல்விழி. குழி வெட்டும்போதும் அவள் நின்றாள், குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியதும் அவள்தான். மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் புளிச்சோறு கட்டிக்கொண்டு கடலூர் கடற்கரைக்குப் போவார்கள். மற்ற ஞாயிறெல்லாம் தோப்பில். இப்படி நன்றாகத்தான் இருந்தார்கள்.

ஒரு அறுவடைக்கு வாடகை மினி லாரியில் முந்திரி மூட்டைமேல் உட்கார்ந்து வந்தாள். எல்லோரும் உட்காருவதுதான். தோப்பு மண்தடத்தில் ஒரு பள்ளம், அவ்வளவுதான், தூக்கிக் கீழே போட்டுவிட்டது. முதுகெலும்பில் அடி. புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து, நடக்க வைத்து அனுப்பினார்கள். நடக்கலாம், சமைக்கலாம், ஆனால் குலுக்கல் மட்டும் ஆகவே ஆகாது என்றார் டாக்டர். பஸ் கூடாது, ஆட்டோ கூடாது, ஸ்கூட்டரை நினைத்தே பார்க்கக் கூடாது. அதோடு அவள் தோப்பைப் பார்த்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடற்கரையை விடுங்கள், கடைத்தெருவையே பார்க்கவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பாள். எதையும் கேட்க மாட்டாள், எதற்கும் குரல் உயர்த்த மாட்டாள். எனக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

பக்கத்து நிலத்துக்காரர் தோப்பை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். வேல்விழி எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நானே போய்ப் பாக்க முடியாத தோப்பு எனக்கு எதுக்கு? இந்தத் தைக்குள்ள ஒரு வண்டி அமையலன்னா குடுத்துடுங்க." அதனால்தான் நடராசன் வண்டி தேட ஆரம்பித்தார். கையிலிருந்த பணத்துக்கு வாங்க முடிவது ஒரே ஒரு வண்டி. பொம்மைப் பெட்டி, மண் மூட்டை, முந்திரி எல்லாம் அதில்தான் போக வேண்டும். வேல்விழி தோப்புக்கும் கடலுக்கும் போவதும் அதில்தான். காரை வாங்குங்கள் என்று நான் சொன்னேன். கார் அந்தத் தடத்தில் வயிறு தட்டி நின்றுவிடும் என்றார். அதுவும் உண்மைதான்.

சரி, குலுங்குகிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? அவளை ஏற்றியா பார்க்க முடியும்? மனுஷன் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அச்சில் வார்த்துக் காயவைத்து, இன்னும் சூளைக்குப் போகாத பொம்மையை எங்கள் ஊரில் பச்சை என்போம். பார்க்க முழுசாக இருக்கும், பலமாகத் தும்மினால் உடையும். அவர் ஷெட்டில் ஒரு கொக்குப் பொம்மை உண்டு, பென்சில் கனத்தில் நீளக் கழுத்து. பச்சைக் கொக்கு ஒன்றை எடுத்துப்போய், எந்த வண்டியாக இருந்தாலும் தங்கை உட்காரும் இடத்தில் நிறுத்துவார். தோப்புத் தடத்தில் மேடாக நிற்கிற சின்ன மதகைத் தாண்டும்வரை ஓட்டுவார். கழுத்து நின்றால் வண்டியை வாங்குவது, உடைந்தால் திருப்பிக் கொடுப்பது.

ஜீப்பில் கொக்கின் கழுத்து போயிற்று. ஒரு வேனில் கழுத்தோடு காலும் போயிற்று. குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார் மாயவன். அதில் கொக்கு ரயில்வே கேட்டைக்கூடத் தாண்டவில்லை. "கொளஞ்சியப்பர் கோயில்ல போயி வண்டி மேல ஒரு பிராது கட்டிட்டு வாங்க சார், எனக்கு இதுக்கு மேல தாங்காது" என்று மாயவன் கையெடுத்துக் கும்பிட்டார். மனுஷன்மேல் மனக்குறை இருந்தால் அங்கே பிராது எழுதிக் கட்டலாம். வண்டியின் ஸ்பிரிங் பட்டைமேல் எப்படிக் கட்டுவது?

கடைசியாக ஒரு டபுள் கேபின் வந்தது. முன்னால் இரண்டு வரிசை சீட்டு, பின்னால் சாமான் ஏற்றத் தொட்டி. எங்களுக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. மாயவன் சாவியை நடராசன் கையில் வைத்து, "ஒரு வாரம் வச்சி ஓட்டிப் பாருங்க, என்னை மட்டும் கூப்புடாதீங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். அதே மதகு, அதே கதைதான். நடராசன் கொக்கின் தலையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார்.

அன்றைக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. தங்கை எதிரிலேயே கத்தினேன். "ஏன் மாப்ள, எந்தங்கச்சி இன்னா மண்ணு பொம்மையா? கொக்கு ஒடஞ்சா இவளும் ஒடஞ்சிடுவாளா? ஊரே சிரிக்குது!"

"சிரிச்சிட்டுப் போவட்டும் மச்சான்" என்றார்.

வேல்விழி மெதுவாகச் சொன்னாள். "நான் ஒடஞ்சாக்கூடப் பரவால்லங்க. ஒரே ஒரு தடவ கூட்டிக்கினு போயி காட்டுங்க."

நடராசன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "பொம்ம ஒடஞ்சா மண்ணக் கரைச்சி மறுபடி வார்த்துடுவன். நீ ஒடஞ்சா நான் எங்க போவன்?"

 வேல்விழி, "அப்ப தோப்பக் குடுத்துடலாங்க" என்றாள். வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது என்று பக்கத்து நிலத்துக்காரருக்குச் சொல்லி அனுப்பினோம்.  என் வருத்தத்தைக் கோபத்தால் மறைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை எல்லைக் கல் பார்க்க நானும் நடராசனும் அந்த வண்டியிலேயே தோப்புக்குப் போனோம். அப்போதும் இரண்டு கொக்குகளை எடுத்து வைத்தார்! ஒன்று பின்சீட்டில், இன்னொன்றை என் மடியில் வைத்து, பத்திரம் என்றார். "விக்கறதுன்னு முடிவாயிடுச்சி, இன்னும் இன்னாத்துக்கு இது?" என்றேன். வண்டியைக் கிளப்பினார். மதகில் பின்சீட்டுக் கொக்கு வழக்கம்போல உயிரை விட்டது. கை மரத்துப்போகப் பிடித்திருந்ததால் என் மடிக் கொக்கு மட்டும் தப்பியது.

கல்லெல்லாம் சரியாகத்தான் இருந்தது. தோப்பு ஓரத்தில், கவாத்து ஆள் கழித்துப் போட்ட முந்திரிக் கிளைகள் குவிந்து கிடந்தன. பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து வைத்திருந்தேன், சமையலுக்கு விறகு வேண்டும். விற்கப்போகிற தோப்பு, விறகையாவது விடுவானேன் என்று, தொட்டி தளும்பத் தளும்ப ஏற்றினேன். நடராசனும் முணுமுணுத்தபடி தூக்கிப் போட்டார். புறப்படும்போது அந்த இன்னொரு கொக்கு என் கண்ணில் பட்டது. இதை வேறு ஊர்வரை சுமக்க வேண்டுமா, எனக்கென்ன தலையெழுத்தா? பின்சீட்டில் நிறுத்திவிட்டு முன்னால் ஏறினேன்.

வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். சாலை ஏறிய பிறகுதான் மதகு நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தேன். கொக்கு கழுத்தை நீட்டிக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றது.

"மாப்ள, நிறுத்துங்க! நிறுத்துங்கன்றன்!"

இறங்கி, கதவைத் திறந்து, விரலால் அதன் கழுத்தைத் தொட்டார். முழுசு. வண்டியைத் திருப்பி மறுபடி மதகைத் தாண்டினோம். நின்றது. இன்னொரு தடவை போனோம், அப்போதும் நின்றது. நடராசன் நடுத் தடத்தில் வண்டியை நிறுத்தி, தலையில் படார் படாரென்று அடித்துக்கொண்டார். "காலி வண்டி மச்சான்! காலி வண்டிதான் குதிக்கும். பாரம் இருந்தா பட்டை படிஞ்சி மெத்துனு போவும். இத்தன நாளும் தொட்டியக் காலியா வச்சே ஓட்டியிருக்கன்!"

ஷெட்டுக்காரர்களுக்கு அது ஊறிப்போன பழக்கம். பச்சை ஏற்றுகிற வண்டியில் வேறு ஒரு துரும்பும் ஏற்ற மாட்டார்கள், இடித்துவிடும் என்று பயம். அந்தப் பயத்திலேயே நல்ல வண்டிகளையும் திருப்பி அனுப்பியிருக்கிறார் மனுஷன். சீதாராமா! நான் மட்டும் என்ன யோக்கியம்? ஆயுசுக்கும் பார்சல் ஏற்றுகிறவன், எனக்கும் உறைக்கவில்லை. இரண்டு பேரும் தடத்தோரம் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டார். மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் போவதானால் போங்கள் என்றார் டாக்டர். மறுநாள் காலை தொட்டி நிறையக் களிமண் மூட்டை அடுக்கி, வேல்விழியைப் பின்சீட்டில் ஏற்றினோம். நடராசன் ஓட்டியது மாட்டுவண்டி வேகம். சைக்கிளில் போனவர்கள் எங்களை முந்திப் போனார்கள். மதகுக்கு முன்னால் நிறுத்திவிட்டார். 

"ஓட்டுங்க" என்றாள் பின்னாலிருந்து.

வண்டி ஏறி இறங்கியது. "வலிக்குதா?" என்றார். "இல்லீங்க." "நெஜமா?" "இல்லன்றனே!" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தோப்பில் அவளே கதவைத் திறந்து இறங்கினாள். முதல் மரத்தைத் தொட்டாள். இரண்டாவது மரத்திடம் போனாள். மூன்றாவதில் நின்று அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் ஆரம்பித்தது.

"இன்னாங்க இது? கவாத்து பண்ண வச்ச ஆளா, கசாப்புக் கடக்காரனா? இப்பிடியா வெட்டுவான்? அடியில புல்லு என் இடுப்பளவு இருக்குது பாருங்க! அந்த மூலையில ரெண்டு மரத்தக் காணோம், எங்க போச்சி? கண்ண எங்க வச்சிருந்தீங்க இத்தினி நாளு?"

மரத்துக்கு மரம் போய்க்கொண்டே கத்தினாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! நடராசன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. "கேக்குதா மச்சான்? திட்டறா" என்றார்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நாளைக்கி அந்த ஆள வெத்தல பாக்கோட வர வேணாம்னு சொல்லிடு."

"இப்பவே போயி சொல்லிடறன், ஏறு, வூட்டுக்குப் போலாம்" என்றேன். மத்தியானம் எனக்கு டூட்டி.

வேல்விழி ஏறி உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். நடராசன் கதவைச் சாத்தப் போனபோது அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வூட்டுக்கு வேணாங்க. கடலூருக்கு வுடுங்க."